அப்பாவின் பழைய கார்: எந்த ஏல நிறுவனத்திடம் ஒப்படைப்பது?

‘லெலோங்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தவணை கட்டாததால் வங்கி இழுத்துச் சென்ற கார். அல்லது கடனில் மூழ்கிய அடுக்குமாடி வீடு. லெலோங்கில் போகிறது என்றால் அடிமாட்டு விலைக்குப் போகிறது என்றே பொருள். அதனால்தான், வீட்டு முகப்பில் துணி போர்த்தி நிற்கும் அப்பாவின் பழைய மெர்சிடிஸையோ மினி காரையோ விற்க வேண்டிய நாள் வரும்போது, ஏலம் என்ற எண்ணமே பெரும்பாலான குடும்பங்களுக்கு எழுவதில்லை. தெரிந்த பட்டறைக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டுக் கைகழுவி விடுகிறோம்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் நம்மிடையே உண்டு. 2022 மே 5ஆம் தேதி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், 1955ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே கார் 135 மில்லியன் யூரோவுக்கு ஏலம் போனது. உலகிலேயே மிக அதிக விலைக்கு ஏலம் போன கார் அதுதான். இப்படியொரு செய்தி கைப்பேசியில் வந்ததும், “நம் வீட்டிலும் ஒரு பழைய மெர்சிடிஸ் சும்மா கிடக்கிறதே” என்று ஒருவர் கிளம்பிவிடுவார்.

முதலாமவர் ஏலத்தைக் கண்டு ஒதுங்குகிறார். இரண்டாமவர் ஏலத்தின் பெயரைக் கேட்டே மயங்குகிறார். இருவருமே கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் காரை உண்மையாக விரும்பி வாங்கக்கூடியவர் எங்கே இருக்கிறார்? அவர் எந்த ஏல நிறுவனத்தின் கூடத்தில், எந்த இணையத்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்? அந்த விடை தெரியாமல் ஏல நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, தேதி பார்க்காமல் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது போல.

ஒரு குடும்பம் செய்த தேர்வு

அமெரிக்காவின் கீர்னன் குடும்பத்தின் கதை இதற்கு நல்ல பாடம். 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுச் சாலைகளில் ஓட்டிய பச்சை நிற ஃபோர்ட் மஸ்டாங் காரை, 1974இல் ராபர்ட் கீர்னன் என்பவர் ஒரு விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கினார். வீட்டுத் தேவைக்கான கார்தான் அது. அவர் மனைவி பள்ளிக்கு ஓட்டிச் சென்றார். 1977இல் மெக்குவீனே கடிதம் எழுதி அதைத் திருப்பிக் கேட்டார். கீர்னன் விற்கவில்லை. 1980இல் கிளட்ச் பழுதானதும் கார் ஓரங்கட்டப்பட்டது. ஆண்டுகள் உருண்டன. 2014இல் தந்தை காலமானார். கார் மகன் ஷான் கீர்னன் கைக்கு வந்தது.

நாமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, “கார் சும்மா துருப்பிடிக்கிறது, யாராவது எடுத்துக்கொள்கிறார்களா பார்” என்று உறவினர்களிடம் சொல்லியிருப்போம். ஷான் கீர்னன் பொறுத்திருந்தார். முதலில், இது படத்தில் ஓடிய அதே கார்தான் என்பதை ஆவணங்களோடு நிலைநிறுத்தினார்கள். 2018 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அந்தக் காரை உலகுக்குக் காட்டினார்கள். அதே ஆண்டு அது வாஷிங்டனில் கண்ணாடிக் கூண்டில் காட்சிக்கு வைக்கப்பட்டது. புதிதாகச் சாயம் அடிக்கவில்லை. தந்தை விட்டுச் சென்ற கோலத்திலேயே நின்றது.

பிறகுதான் ஏல நிறுவனம். ஃபெராரி, புகாட்டி போன்ற ஐரோப்பியக் கார்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனங்கள் இருக்க, அவர்கள் தேர்ந்தெடுத்தது மீகம் நிறுவனத்தை. ஃபுளோரிடா மாநிலத்தின் கிசிமியில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆயிரக்கணக்கான கார்களை வரிசையாக நிறுத்தி அந்நிறுவனம் ஏலம் நடத்துகிறது. அமெரிக்கத் தயாரிப்பான மஸ்டாங், கார்வெட் கார்களோடு வளர்ந்த தலைமுறை கூடும் இடம் அது. தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகும். மஸ்டாங் என்ற பெயரைக் கேட்டாலே கண் கலங்குகிறவர்கள் இருக்கும் கூடத்துக்கு மஸ்டாங்கைக் கொண்டு போனார்கள். 2020 ஜனவரி 10ஆம் தேதி, குறைந்தபட்ச விலை எதுவும் வைக்காமல், 3,500 டாலரில் தொடங்கிய ஏலம் 3.4 மில்லியன் டாலரில் முடிந்தது. வாங்குபவர் கட்டணத்தையும் சேர்த்தால் 3.74 மில்லியன்.

விலை பெரிதுதான். அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர்கள் செய்த வரிசை. முதலில் ஆவணம், அடுத்து விளம்பரம், கடைசியாக ஏல நிறுவனம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கொல்லர் தெருவில் ஊசி விற்கலாமா?

இதே விதி வேறு கார்களிலும் தெரிகிறது. இளவரசி டயானா ஓட்டிய கறுப்பு நிற ஃபோர்ட் எஸ்கார்ட் ஆர்எஸ் டர்போ, 2022 ஆகஸ்டில் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் ஏல நிறுவனத்தில் 650,000 பவுண்டுக்குப் போனது. பிரிட்டிஷ் சாலைகளில் சாதாரணமாக ஓடிய ஃபோர்ட் அது. அதன் மதிப்பை உணர்ந்த மக்கள் பிரிட்டனிலேயே இருந்தார்கள். பழைய ஃபோர்ட் கார்களை வாங்குவோர் அந்த நிறுவனத்தின் ஏலங்களுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்கள்.

நம் இளைஞர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ வரிசையின் 2009 படத்தில் பால் வாக்கர் ஓட்டிய நீல நிற நிசான் ஸ்கைலைன் ஆர்34. அது 2023 மே மாதம் பான்ஹாம்ஸ் நிறுவனத்தின் இணைய ஏலத்தில் 1.357 மில்லியன் டாலருக்கு விற்றது. அந்தக் காரை விரும்புகிறவர்கள் கைப்பேசியோடு வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் கோட்டு சூட்டுப் போட்டு ஏலக் கூடத்துக்கு வரமாட்டார்கள். திரையில் பார்த்து, கேள்வி கேட்டு, விரலால் தட்டி வாங்குவார்கள். ஆகவே இணையமே அதற்குப் பொருத்தமான கூடம்.

தொடக்கத்தில் சொன்ன ஊலன்ஹாட் கூப்பேக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். உலகில் இரண்டே இரண்டு தயாரிக்கப்பட்ட கார் அது. அதற்குக் கூட்டம் தேவைப்படவில்லை. ஆர்எம் சாதபீஸ் நிறுவனம், மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தின் மூடிய கதவுகளுக்குள், அழைப்புப் பெற்ற சிலருக்கு மட்டும் ஏலம் நடத்தியது.

இப்போது நம் வீட்டு முகப்புக்கு வருவோம். நம் பெரியவர்கள் ஆசையாக வைத்திருந்த கார்களில் மோரிஸ் மைனர் ஒன்று. 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை பதினாறு லட்சத்துக்கும் மேல் தயாரான கார். அதைக் கப்பலேற்றி லண்டன் ஏலத்துக்கு அனுப்புவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதுதான். அங்கே தெருவுக்குத் தெரு அந்தக் காருக்குச் சங்கமே உண்டு. கப்பல் கட்டணம்கூடத் தேறாது. ஆனால் ஈப்போவிலோ பினாங்கிலோ, தன் தாத்தா ஓட்டிய அதே மோரிஸைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, பழைய உள்ளூர் எண் பலகையோடு நிற்கும் அந்தக் கார் வேறு மதிப்புடையது. அந்தக் காருக்கு ஏற்ற கூடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கிளாசிக் கார் கிளப்புகளும் விளம்பரத் தளங்களும் போதும்.

ஆர்34 ஸ்கைலைன், டொயோட்டா சூப்ரா போன்ற 1990களின் ஜப்பானியக் கார்களின் கணக்கு வேறு. 25 ஆண்டு கடந்த கார்களுக்கு அமெரிக்கா தன் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. 1999 ஜனவரியில் வெளிவந்த ஆர்34, 2024 ஜனவரியிலிருந்து அந்த வயதை எட்டத் தொடங்கியது. அன்றுமுதல் அந்தக் காரை வாங்கக்கூடியவர்களின் வட்டம் ஒரு கண்டம் அளவுக்கு விரிந்துவிட்டது. இப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர், உள்ளூர்த் தரகர் சொல்லும் விலையை மட்டும் கேட்டு விற்றால் நட்டம் அவருக்குத்தான்.

செய்தியில் வரும் விலையும் கைக்கு வரும் பணமும்

ஏலச் செய்திகளில் பெரும்பாலும் அச்சாவது வாங்குபவர் கொடுத்த மொத்தத் தொகை. விற்பவர் கைக்கு வருவது அதுவல்ல. சுத்தியல் விழும்போது சொல்லப்படும் விலை ஒன்று. அதற்கு மேல் வாங்குபவர் நிறுவனத்துக்குத் தரும் கட்டணம் ஒன்று. சுத்தியல் விலையிலிருந்து விற்பவர் தர வேண்டிய கமிஷன் இன்னொன்று. புல்லிட் மஸ்டாங்கின் 3.74 மில்லியன் டாலரில் 340,000 டாலர் வாங்குபவர் கட்டணம். அது விற்ற குடும்பத்துக்குச் சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. வெளிநாட்டு ஏலத்தில் உங்கள் காருக்கு 200,000 வெள்ளியில் சுத்தியல் விழுகிறது. வாங்குபவர் 10 விழுக்காடு சேர்த்து 220,000 வெள்ளி கட்டுகிறார். செய்தியில் வருவது அந்த 220,000. உங்களிடம் 8 விழுக்காடு கமிஷன், அதாவது 16,000 வெள்ளி பிடிக்கிறார்கள். கேட்டலாக், புகைப்படச் செலவு 2,000. கப்பலும் காப்புறுதியும் 15,000. மிஞ்சுவது 167,000 வெள்ளி.

இன்னொரு இணைய ஏலத் தளத்தில் அதே காருக்கு 180,000 வெள்ளிதான் வருகிறது என்று வையுங்கள். அத்தளம் விற்பவரிடம் கமிஷன் வாங்குவதில்லை. வாங்குபவர் உங்கள் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறார். உங்கள் செலவு 2,000 வெள்ளி என்றால், கையில் 178,000. குறைந்த விலைக்கு விற்றவர் அதிகப் பணத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே ஏல நிறுவனத்திடம் “எவ்வளவுக்குப் போகும்?” என்று கேட்பதைவிட, “எல்லாம் போக என் கணக்கில் எவ்வளவு விழும், எத்தனை நாளில் விழும்?” என்று கேட்பதே முறை. அதற்குப் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

விற்பவர் கமிஷன் பேரம் பேசக்கூடியது என்பதும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. நிறுவனம் உங்கள் காரை ஆசைப்பட்டுக் கேட்கிறது என்றால் கமிஷன் இறங்கும். இறங்க மறுத்தால், உங்கள் கார் அவர்களுக்குப் பத்தோடு பதினொன்று என்று பொருள்.

குறைந்தபட்ச விலை: வேலியா, தடையா?

‘ரிசர்வ்’ என்பது, இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று விற்பவர் வைக்கும் கோடு. அது இல்லாமல் விடுவது துணிச்சல். அரிய காருக்கு அந்தத் துணிச்சல் பலன் தரும். 2014இல் பான்ஹாம்ஸ் நிறுவனம் கலிபோர்னியாவில் ஃபெராரி 250 ஜிடிஓ காரை ரிசர்வ் இல்லாமல் ஏலம் விட்டு 38 மில்லியன் டாலருக்கு மேல் விற்றது. அன்று அது ஏல உலகச் சாதனை. கட்டாயம் விற்கப்படும் என்று தெரிந்தால் வாங்குபவர்கள் நேரம் ஒதுக்கி வருவார்கள். புல்லிட் காருக்கும் அதுவே நடந்தது.

ஆனால் இந்தத் துணிச்சல் எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. ஒரு காரை விரும்பி வருபவர்கள் இருவராவது இருந்தால்தான் ஏலம். ஒருவர் மட்டும் வந்தால் அது அவர் சொன்ன விலை. மழை பெய்து கூட்டம் குறைந்த மாலையிலோ, ஏலம் முடியும் தறுவாயில் எல்லோரும் கிளம்பிய பிறகோ உங்கள் காரின் எண் வந்தால், ரிசர்வ் இல்லாத கார் கண்ணெதிரே கொள்ளை போகும். எனவே, எந்த நாளில், எத்தனையாவது எண்ணாக உங்கள் கார் வரும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

அதிக ரிசர்வ் வைத்தாலும் ஆபத்துதான். விலை எட்டாமல் கார் திரும்பினால், அந்தத் தோல்வி இணையத்தில் நிரந்தரமாகப் பதிவாகிவிடும். அடுத்து வாங்க வருபவர் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். வழக்கத்துக்கு மாறான உயர்ந்த மதிப்பீட்டைச் சொல்லி உங்கள் காரைப் பிடிக்கப் பார்க்கும் நிறுவனத்திடம் கூடுதல் கவனம் தேவை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, “சந்தை சரியில்லை, ரிசர்வைக் குறையுங்கள்” என்று அவர்கள் சொல்ல வாய்ப்புண்டு. அதற்குள் உங்கள் கார் அவர்கள் கிடங்கில் நிற்கும்.

பெரிய பெயரும் சறுக்கும்

பெயர் பெற்ற நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் 2019 ஆகஸ்ட் 17ஆம் தேதி இரவை நினைவில் கொள்ள வேண்டும். கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆர்எம் சாதபீஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டின் போர்ஷே டைப் 64 காரை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. 20 மில்லியன் டாலருக்கு மேல் எதிர்பார்க்கப்பட்ட கார். ஏலம் தொடங்கியதும் திரையில் 30 மில்லியன் என்று எண் ஒளிர்ந்தது. பிறகு 40, 50, 60, 70. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. சற்று நேரத்தில் ஏலதாரர் திருத்தினார்: 70 அல்ல, 17. அவர் சொன்ன ‘தர்ட்டீன்’ திரையை இயக்கியவர் காதில் ‘தர்ட்டி’ என்று விழுந்திருக்கிறது. கைதட்டல் கூச்சலாக மாறியது. பலர் எழுந்து வெளியேறினார்கள். 17 மில்லியனுக்கு மேல் யாரும் கேட்கவில்லை. கார் விற்கவில்லை.

அனுபவமுள்ள நிறுவனம், உலகமே பார்த்த கார், பணக்காரர்கள் நிறைந்த கூடம். அப்படியிருந்தும் ஒரு சொல்லின் உச்சரிப்பில் எல்லாம் கவிழ்ந்தது. அந்த இரவு காருக்குப் பட்ட கறை, விற்க வந்தவருக்கே சேர்ந்தது. ஏல நிறுவனம் மறுநாள் அடுத்த காரை விற்கும். விற்பவருக்கு இருப்பதோ ஒரே கார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். தவறு நடந்து கார் விற்காமல் போனால் யார் பொறுப்பு? திரும்பக் கொண்டுவரும் செலவு யாருடையது? விற்காத காருக்கும் கட்டணம் உண்டா? நடுவில் மனம் மாறிக் காரைத் திரும்பக் கேட்டால் தண்டம் எவ்வளவு?

முதலில் நம் வீட்டுக் கணக்கு

இவற்றுக்கெல்லாம் முன்னால் நாம் செய்ய வேண்டிய வேலை வீட்டிலேயே இருக்கிறது. கார் இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறதா? அவர் காலமாகிவிட்டால், உயிலை நீதிமன்றம் உறுதிசெய்த ஆணையோ, நிர்வாக உரிமைக் கடிதமோ, அமானா ராயா வழி பெற்ற ஆவணமோ இல்லாமல் ஜேபிஜேயில் பெயர் மாற்ற முடியாது. பெயர் மாறாத காரை எந்த நல்ல ஏல நிறுவனமும் தொடாது. தொடுகிறேன் என்பவரை நாம் தொடக் கூடாது.

இங்கேதான் பல குடும்பங்களில் மனத்தாங்கல் தொடங்குகிறது. அண்ணன் பராமரித்திருப்பார். தம்பி ரோடு டேக்ஸ் கட்டியிருப்பார். அக்காவை அந்தக் காரில்தான் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போயிருப்பார்கள். யார் விற்பது, எப்படிப் பங்கிடுவது, குறைந்தபட்ச விலை என்ன என்பதை ஏல நிறுவனத்தை அழைக்கும் முன்பே உட்கார்ந்து பேசி எழுதிவிட வேண்டும். ஏலத்துக்குப் பிறகு பேசினால், “இன்னும் அதிகம் போயிருக்கும்” என்ற ஒரு வார்த்தையே உறவை முறிக்கப் போதும்.

அடுத்தது ஆவணம். அப்பா வாங்கியபோது கொடுத்த ரசீது, பழைய கிராண்ட், சர்வீஸ் புத்தகம், காரின் முன் குடும்பமாக நின்று எடுத்த புகைப்படங்கள். இவற்றைத்தான் நாம் வீடு சுத்தம் செய்யும்போது தீயில் போடுகிறோம். புல்லிட் காரின் மதிப்பைத் தாங்கி நின்றது இத்தகைய தொடர் சான்றுதான். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் மறைக்காதீர்கள். இணைய ஏலத்தில் படம் போட்ட சில மணி நேரத்தில், விவரம் தெரிந்த யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவார். நாமாகச் சொன்ன குறை விலையைக் கொஞ்சம் குறைக்கும். மறைத்துப் பிடிபட்ட குறை விற்பனையையே கெடுத்துவிடும்.

விற்பதற்கு முன் புதுச் சாயம் அடித்து, சீட்டுக்குப் புதுத் தோல் போட்டு ‘பளிச்’சென்று காட்டலாம் என்ற ஆசையையும் அடக்க வேண்டும். சேகரிப்பாளர்களில் பலர் தேடுவது கை படாத மூல நிலையை. நாம் ஐயாயிரம், பத்தாயிரம் வெள்ளி செலவு செய்து அழிப்பது அவர்கள் விலை கொடுத்து வாங்க வந்த பொருளையே.

பிறகு, நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கார் வகையில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எத்தனை விற்றார்கள், எத்தனை விற்காமல் திரும்பின என்று பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் முடிவுகள் இணையத்திலேயே உள்ளன. இரண்டு மூன்று நிறுவனங்களிடம் மதிப்பீடு கேளுங்கள். அவர்களில் எவர் உங்கள் காரைப் பற்றி அதிகம் கேள்வி கேட்கிறாரோ, அவரிடமே வாங்குபவர் இருக்க வாய்ப்பு அதிகம். விலையை மட்டும் சொல்லி அவசரப்படுத்துபவர் தன் கேட்டலாக்கின் பக்கத்தை நிரப்பப் பார்க்கிறார்.

விசாரித்து முடித்த பிறகு, ஏலமே வேண்டாம், கிளப் நண்பருக்கே கொடுக்கலாம் என்ற முடிவுக்கும் நீங்கள் வரலாம். அதில் தவறில்லை. தெரிந்து எடுத்த முடிவு அது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் நம் அப்பாமார்கள் வாங்கிய கார்கள் இவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவித் துடைத்து, பத்துமலைக்கும் பாட்டி வீட்டுக்கும் ஓட்டிப் போனவை. அந்தக் காரின் மதிப்பு என்ன என்று விசாரிக்க ஒரு மாதம் ஒதுக்குவது, அதற்காக வியர்வை சிந்திய மனிதருக்கு நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை.